நகத்தை எடுக்க வேண்டாம், பிறாண்ட இடம் கொடுங்கள்!



"பாஸ்டர் ஐயா, எலித் தொல்லைக்காக ஒரு பூனையைக் கொண்டுவந்து வளர்த்தோம். எலி போய்விட்டது. ஆனால் தவணையில் வாங்கிய சோபா கந்தலாகிவிட்டது. டாக்டரிடம் கொண்டுபோய் நகத்தையே எடுத்துவிடலாமா?" போபோடியிலும் கட்கியிலும் தாபோடியிலும் வாழும் நம் குடும்பங்களில் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. அவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். ஓர் அறையும் சமையற்கட்டுமாக உள்ள வாடகை வீட்டில், பல மாதங்கள் மிச்சம் பிடித்து வாங்கிய ஒரே நல்ல பொருள் கண்ணெதிரே கிழிந்து தொங்கும்போது மனம் பதறத்தான் செய்யும். வீட்டுக்காரர் கதவில் உள்ள கீறலைக் காட்டி டிபாசிட் பணத்தில் பிடித்துக்கொள்வாரோ என்ற கவலையும் அதோடு சேர்ந்துகொள்கிறது.

இந்தத் தொல்லைக்கு எளிய பரிகாரம் உண்டு. அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பூனையின் உடலில் கத்தி வைக்கவும் தேவையில்லை. ஆனால் முதலில் அது ஏன் பிறாண்டுகிறது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

பூனை ஏன் பிறாண்டுகிறது?

பலரும் நினைப்பதுபோல், பூனை கோபத்தினாலோ பழிவாங்கும் எண்ணத்தினாலோ சோபாவைக் கிழிப்பதில்லை. பூனைக்கு முன்கால் ஒவ்வொன்றிலும் 5, பின்கால் ஒவ்வொன்றிலும் 4 என மொத்தம் 18 நகங்கள் உள்ளன. இந்த நகம் வெங்காயச் சருகைப்போல அடுக்கடுக்காக வளருகிறது. மேலடுக்கு பழையதாகும்போது அதைக் கழற்றிப் போட்டால்தான் உள்ளே இருக்கும் கூர்மையான புதிய நகம் வெளிப்படும். முன்கால் நகங்களின் பழைய உறையைக் கழற்றுவதற்கு அது பிறாண்டுகிறது. வீட்டைப் பெருக்கும்போது பிறைவடிவில் சின்னஞ்சிறு தோடுபோல ஒன்று கிடைத்தால், அது பிடுங்கி விழுந்த நகம் அல்ல, கழன்ற உறைதான்.

இரண்டாவது காரணம், உடலை நீட்டி முறிப்பது. தூங்கி எழுந்தவுடன் பூனை முன்கால்களை உயரே ஊன்றி, நகங்களைப் பதித்து, முதுகையும் தோளையும் நன்றாக இழுத்துவிடுகிறது. மூன்றாவது காரணம், அடையாளம் வைப்பது. அதன் பாதங்களில் வாசனைச் சுரப்பிகள் உள்ளன. பிறாண்டும் இடத்தில் கண்ணுக்குத் தெரியும் கீறலும், நம் மூக்கிற்கு எட்டாத வாசனையும் பதிகின்றன. 'இது என் இடம்' என்று அது எழுதிவைக்கும் முகவரி இதுவே. ஆகவேதான் ஒருமுறை பிறாண்டிய இடத்திற்கே திரும்பத் திரும்ப வருகிறது. ஆகவேதான் வீட்டின் நடுவில், எல்லாரும் உட்காரும் சோபாவைத் தேடிப் போகிறது.

பறவைக்குச் சிறகடிப்பது எப்படியோ, பூனைக்குப் பிறாண்டுவது அப்படியே. அதை நிறுத்த முடியாது. எங்கே பிறாண்ட வேண்டும் என்பதை மட்டும் நாம் மாற்றலாம்.

ஊரில் இல்லாத தொல்லை இங்கே ஏன்?

சற்று நினைத்துப் பாருங்கள். ஊரில் நம் பாட்டிமார் வீட்டிலும் பூனை இருந்தது. அங்கே யாராவது பூனை பிறாண்டுகிறது என்று முறையிட்டது உண்டா? கொல்லையில் முருங்கை மரம் இருந்தது, வேப்ப மரம் இருந்தது, திண்ணையில் மரத்தூண் இருந்தது, தொழுவத்தில் சாக்கு மூட்டை இருந்தது. பூனை தன் வேலையை அங்கே முடித்துக்கொண்டு வந்தது. நாம் அதைக் கவனித்ததுகூட இல்லை.

போபோடியின் பழைய சால் வீடுகளிலும் கதவு திறந்தே கிடக்கும். பூனை வெளியே போய்வரும். இப்போது நம்மில் பலர் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாறிவருகிறோம். கீழே ஓயாத நெடுஞ்சாலை, ஒருபுறம் ரயில் பாதை, 2023 முதல் மேலே மெட்ரோ ரயில். பூனையை வெளியே விடப் பயந்து கதவைச் சாத்திவைக்கிறோம். அது நியாயமே. ஆனால் பூனையோடு கூட அதன் முருங்கை மரத்தை நாம் மாடிக்குக் கொண்டுவரவில்லை. டைல்ஸ் தரையும், வழவழப்பான பீரோவும், பிளாஸ்டிக் நாற்காலியும் நகம் பதிக்க உதவா. அந்த வீட்டில் நகம் பதிகிற ஒரே பொருள் துணி போர்த்திய சோபாவும், மரக் கதவுநிலையும், ஜன்னல் திரையுமே. அவற்றை அது நாடுவதில் வியப்பு என்ன?

நகத்தை எடுப்பது என்றால் என்ன?

நகத்தை எடுப்பது என்றால், நாம் நகம் வெட்டிக்கொள்வதைப் போன்றது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. பூனையின் நகம் விரலின் கடைசி எலும்பிலிருந்தே முளைக்கிறது. நகம் மறுபடி வளராதிருக்க வேண்டுமானால், அந்த எலும்பையே மூட்டோடு வெட்டி எடுக்க வேண்டும். உங்கள் கையை நீட்டிப் பாருங்கள். ஒவ்வொரு விரலிலும் நகத்தைத் தாங்கியிருக்கும் கடைசிக் கணுவை வெட்டி எடுத்தால் எப்படி இருக்குமோ, அதுவே இது. இரண்டு முன்கால்களிலும் சேர்த்துப் பத்துமுறை அது செய்யப்படுகிறது. பூனையோ விரல்களை ஊன்றியே நடக்கும் பிராணி. நுனி இழந்த விரல்களோடு அது வாழ்நாள் முழுவதும் நடக்க வேண்டும்.

இந்த அறுவைச் சிகிச்சை அமெரிக்காவிலும் கனடாவிலும் நெடுங்காலம் சாதாரணமாக நடந்துவந்தது. சோபாவைக் காப்பாற்றுவதே பெரும்பாலும் அதற்குக் காரணம். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், நகம் நீக்கப்பட்ட 137 பூனைகளையும் நீக்கப்படாத 137 பூனைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நகம் இழந்த பூனைகளிடம் முதுகுவலியும், கடிக்கும் குணமும், கண்ட இடத்தில் மலஜலம் கழிக்கும் பழக்கமும் அதிகமாகக் காணப்பட்டன. அவற்றில் 63 சதவீதப் பூனைகளின் பாதத்தில் எலும்புத் துண்டுகள் மிஞ்சியிருந்ததை எக்ஸ்ரே காட்டியது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. வலிக்கும் பாதத்தோடு மணல் தட்டில் தோண்ட அது அஞ்சுகிறது. ஆயுதம் இழந்தபின் பல்லை நம்புகிறது. சோபாவைக் காப்பாற்றப் போய், பாயிலும் படுக்கையிலும் சிறுநீர் என்ற புதிய தொல்லை வீட்டிற்குள் வருகிறது.

ஆகவே பல நாடுகள் இதைக் கைவிட்டன. 1987ஆம் ஆண்டின் ஐரோப்பிய வளர்ப்புப் பிராணிகள் உடன்படிக்கை, மருத்துவக் காரணமின்றி நகம் நீக்குவதை விலக்கியது. அமெரிக்காவில் முதன்முதலாக வெஸ்ட் ஹாலிவுட் நகரம் 2003இல் தடை செய்தது. இஸ்ரவேல் நாடு 2011இல் தடை செய்தது. 2019இல் நியூயார்க், மாநிலம் முழுவதும் தடை செய்த முதல் அமெரிக்க மாநிலமாயிற்று. 2020இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கமும் தேவையின்றி இதைச் செய்வதை ஊக்குவிப்பதில்லை என்று தன் கொள்கையைத் திருத்திக்கொண்டது. அவர்கள் பல ஆண்டுகள் செய்து பார்த்து விட்டுவிட்டதை, நாம் புதிதாகத் தொடங்க வேண்டுமோ?

சாக்குப்பையும் தீர்வு அல்ல

நம் மத்தியில் அதிகம் நடப்பது வேறொன்று. பூனையைச் சாக்குப்பையில் போட்டு, இரவு நேரத்தில் ஆற்றங்கரையிலோ சந்தையிலோ விட்டுவிட்டு வருவது. 'எங்கேயாவது பிழைத்துக்கொள்ளும்' என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறோம். வீட்டில் வளர்ந்த பூனைக்கு அந்த இடத்தின் நாய்களும் தெரியாது, சாலையும் தெரியாது, அங்கே ஏற்கெனவே உள்ள பூனைகள் அதைச் சேர்த்துக்கொள்வதும் இல்லை.

இந்தியாவின் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, பிராணிக்குத் தேவையற்ற வேதனை உண்டாக்குவதையும், உடலைச் சிதைப்பதையும், பசி தாகத்தால் வாடும் நிலையில் கைவிடுவதையும் குற்றமாகவே சொல்லுகிறது. முதல் குற்றத்திற்கான அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய்தான். அது சிறிய தொகை என்பதனால் காரியம் சிறியதாகிவிடாது. தன் வீட்டு மிருகஜீவனின்மேல் கரிசனை உள்ளவனையே நீதிமான் என்று சாலொமோனும் நீதிமொழிகளில் அடையாளம் காட்டுகிறார். பிள்ளைகள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தொல்லை கொடுக்கும் ஒரு ஜீவனை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதை அவர்கள் மறப்பதில்லை.

பூனைக்கென்று ஒரு தூண்

இனிப் பரிகாரத்திற்கு வருவோம். பூனைக்குப் பிறாண்டுவதற்கென்று தனியாக ஒரு தூணைச் செய்துவையுங்கள். கடைகளிலும் கிடைக்கும். ஆனால் அங்கே விற்பவற்றில் பல ஒன்றரை அடி உயரமே இருக்கும், தொட்டால் ஆடும். வளர்ந்த பூனை உடலை முழுவதும் நீட்டுவதற்கு அது போதாது. ஆடுகிற தூணை ஒருமுறை தொட்டுப் பயந்த பூனை மறுபடி அதனருகே வராது. வீட்டிலே செய்வதே நல்லது.

1. தச்சுப் பட்டறையில் சுமார் 4 அங்குல விட்டமும் 3 அடி உயரமும் உள்ள உருண்டைக் கட்டை ஒன்று வாங்குங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பலகையை அடியில் வைத்து, கீழிருந்து திருகாணி முடுக்குங்கள். கைகொண்டு தள்ளினாலும் சாயாதிருக்க வேண்டும்.

2. சணல் கயிறு, கற்றாழைநார்க் கயிறு, தேங்காய்நார்க் கயிறு ஆகிய மூன்றில் எதுவும் ஏற்றதே. கட்கி பஜாரில் கேட்பதானால் சணலுக்குத் 'தாகாச்சி தோரி', தேங்காய் நாருக்குக் 'காத்யாச்சி தோரி' என்று மராத்தியில் கேளுங்கள். பொட்டலம் கட்டும் சுத்லி மெல்லியது, சீக்கிரம் அறுந்துபோகும். பென்சில் தடிமனுள்ள கயிறாக இருக்கட்டும். மேலே சொன்ன அளவுள்ள கட்டைக்குச் சுமார் 40 மீட்டர் வேண்டியிருக்கும். நைலான் கயிறு வேண்டாம். அதில் நகம் பதியாது.

3. அடியிலிருந்து மேல்வரை இடைவெளியின்றி நெருக்கமாகச் சுற்றுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் பசையிட்டு, ஆணி அடித்தால் அதன் முனை வெளியே தெரியாதபடி மறைத்துவிடுங்கள்.

இவ்வளவு இடமும் இல்லையென்பவர்கள் ஒரு நீளப் பலகையில் கயிற்றைச் சுற்றி, ஜன்னல் கம்பியோடு செங்குத்தாகக் கட்டிவிடலாம். சுவரில் ஆணி அடிக்க வேண்டியதில்லை, வீட்டுக்காரருக்கும் மனத்தாங்கல் வராது. கட்டில் காலில் சணல் சாக்கை இறுகச் சுற்றித் தைத்துவிடுவதும் உதவும். சில பூனைகள் நின்று பிறாண்டாமல் தரையில் படுத்துப் பிறாண்டும். அவற்றிற்குத் தேங்காய்நார் மிதியடி ஒன்று போதும். அல்லது, கடைகளில் எறியும் அட்டைப்பெட்டியை 3 அங்குல அகலத் துண்டுகளாக வெட்டி, வெட்டுமுனை மேலே தெரியும்படி அடுக்கி, மைதாப் பசையால் ஒட்டி ஒரு தட்டில் வையுங்கள். உங்கள் பூனை எதை விரும்புகிறது என்பதை அது இதுவரை கிழித்த பொருளே சொல்லும். சோபாவின் பக்கவாட்டைக் கிழித்திருந்தால் தூண். கால்மிதியைக் கிழித்திருந்தால் தரைப்பலகை.

ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் இருந்தால் ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே வையுங்கள். புனேயின் மழைக்காலத்தில் சணல் ஈரம் வாங்கி நாறும். வெயில் அடிக்கும் நாளில் வெளியே வைத்துக் காயவிடுங்கள். கயிறு பிசிறு பிசிறாகிவிட்டது என்று உடனே மாற்றிவிடாதீர்கள். பிசிறுதான் அதற்குப் பிரியம்.

பழக்குவது எப்படி?

தூணைச் செய்து கதவிற்குப் பின்னால் ஒளித்துவைத்தால் பயன் இல்லை. எந்தச் சோபாவைக் கிழிக்கிறதோ, அதன் மூலைக்கு அருகிலேயே வையுங்கள். அல்லது அது தூங்கும் இடத்திற்கு அருகில் வையுங்கள். எழுந்தவுடன் நீட்டி முறிக்க அதற்கு வசதியாக இருக்கும். அதே வேளையில் சோபாவின் அந்த மூலையில், சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளையோ, வழவழப்பான பிளாஸ்டிக் விரிப்பையோ, இருபுறமும் ஒட்டும் டேப்பையோ போட்டுவையுங்கள். நகம் பதியாத இடமும், பாதத்தில் ஒட்டுகிற இடமும் பூனைக்குப் பிடிக்காது. ஒரு பக்கம் வாசல் அடைபட, அருகிலேயே வேறொரு வாசல் திறந்திருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் செய்கிறவர்களே, 'எல்லாம் செய்து பார்த்தோம், பலனில்லை' என்கிறார்கள்.

பூனை தூணில் நகம் வைத்தவுடன், அந்த நிமிஷமே, ஒரு துண்டுக் கருவாடோ வேகவைத்த மீனோ கொடுத்துத் தடவிக்கொடுங்கள். அதன் காலைப் பிடித்துக் கட்டையில் தேய்க்காதீர்கள், அது மிரண்டுவிடும். ஒரு கயிற்று நுனியைத் தூணின்மேல் ஆட்டி விளையாட்டுக் காட்டினால் தானே தாவிப் பிடிக்கும். இரண்டு மூன்று வாரங்கள் பொறுமையாயிருங்கள். பழக்கம் உறுதியானபின், நாளொன்றுக்குச் சில அங்குலமாகத் தூணை உங்களுக்கு வசதியான இடத்திற்கு நகர்த்திக்கொள்ளலாம்.

நம் முன்னோர் அறிந்திருந்த ஒரு செடியையும் இங்கே குறிப்பிட வேண்டும். குப்பைமேனிக்குப் 'பூனைவணங்கி' என்று ஒரு பெயர் உண்டு. அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை ஓடிவந்து அதன்மேல் புரளும். அதனால்தான் அந்தப் பெயர். மராத்தியில் 'கோக்லி' எனப்படும் இச்செடி மழைக்காலத்தில் காலி மனைகளில் முளைக்கும். புதிய வேரைக் கழுவித் தூணில் தேய்த்துவிட்டால் பூனையை அது அழைத்துவரும். தின்னக் கொடுக்க வேண்டாம். தேய்த்தபின் வேரை எறிந்துவிடுங்கள்.

நுனியை மட்டும் வெட்டுங்கள்

இரண்டு மூன்று வாரத்திற்கு ஒருமுறை நகத்தின் நுனியை வெட்டிவிட்டால் கீறலின் ஆழம் குறையும். பூனை உறக்கக் கலக்கத்தில் இருக்கும்போது மடியில் வைத்து, விரலின் மேலும் கீழும் மெதுவாக அழுத்துங்கள்; நகம் வெளியே வரும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது இரத்தமும் நரம்பும் ஓடும் பகுதி. அதைத் தொடவே கூடாது. முன்னால் உள்ள வெண்மையான கொக்கி நுனியை மட்டும், சுமார் 2 மில்லிமீட்டர், வெட்டுங்கள். ஒரே நாளில் எல்லா நகங்களையும் வெட்ட வேண்டும் என்பதில்லை. இன்று இரண்டு, நாளை இரண்டு போதும். தவறி இரத்தம் வந்தால் சோளமாவை வைத்துச் சற்று அழுத்துங்கள். வயதான பூனைகளுக்குப் பக்கவாட்டு நகம் வளைந்து பாதத்திற்குள்ளேயே குத்திவிடுவது உண்டு, அதையும் பாருங்கள். உங்களுக்குத் துணிவில்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். 'பக்த டோக் காபா', அதாவது நுனியை மட்டும் வெட்டுங்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவை

அடிக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். அது பிறாண்டலை நிறுத்தாது. நீங்கள் இல்லாத நேரத்தில் பிறாண்டக் கற்றுக்கொள்ளும். மிளகாய்த்தூள் தூவாதீர்கள், பாதத்தை நக்கும் பிராணியின் கண்ணிலும் வாயிலும் அது சேரும். வாசனை பிடிக்காது என்று நாப்தலீன் உருண்டைகளையும், பினாயிலையும், எலுமிச்சை, யூகலிப்டஸ் போன்ற தைலங்களையும் சோபாவில் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. இவை பூனைக்கு நஞ்சு. பூனையின் ஈரலுக்கு இவற்றை முறித்து வெளியேற்றும் ஆற்றல் குறைவு.

நகம் பட்டுவிட்டால்

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை அசட்டை செய்யக் கூடாது. கீறல் பட்டவுடன் ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் அப்பாதீர்கள். ரேபிஸ் நோய் நாயினால் மட்டுமல்ல, பூனையினாலும் வரும். அறிகுறி தோன்றியபின் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. இரத்தம் வராத சிறு கீறலானாலும் அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று மருத்துவரின் ஆலோசனைப்படி தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். சில நாட்களுக்குப்பின் காய்ச்சலும், அக்குளிலோ கழுத்திலோ நெறிகட்டும் கண்டால், பூனை கீறியதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். உங்கள் பூனைக்கும் 3 மாத வயதில் ரேபிஸ் தடுப்பூசி போடுவித்து, பின்பு தவறாமல் தொடருங்கள். வீட்டுப் பூனைகளையும் பதிவுசெய்ய வேண்டும் என்று புனே மாநகராட்சி 2022இல் அறிவித்தபோது தடுப்பூசிச் சான்றையும் கேட்டது. ஆகவே சான்றைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பிரியமானவர்களே, நாம் யாவரும் ஊரைவிட்டு வந்தவர்கள். புதிய இடத்தில் நமக்கென்று ஒரு மூலை கிடைக்கும்வரை நாம் பட்ட பாடு நமக்குத் தெரியும். நம் வீட்டிலுள்ள அந்தச் சிறு பிராணிக்கும் ஒரு மூலை தேவைப்படுகிறது. வருகிற சனிக்கிழமை பிள்ளைகளையும் கூட அழைத்துச் சென்று 40 மீட்டர் கயிறு வாங்கிவாருங்கள். அவர்களே சுற்றட்டும்.